சாம்பியன் ஓகான்... சீட் வெர்ஸ்டப்பனுக்கு! ஃபார்முலா 1-ன் விதியை மாற்றிய 2014 ஐரோப்பிய ஃபார்முலா 3 சீசன்

ஃபார்முலா 1-ன் 2026 சீசனில் யார் யார் எந்த அணிக்கு ஓட்டப்போகிறார்கள் என்ற பட்டியல் வெளியானபோது, ஒரு பெயர் அதில் இல்லாமல் போனது. ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே இருக்கும் ஃபார்முலா 2 தொடரின் 2025 சாம்பியன், இத்தாலியின் லியனார்டோ ஃபோர்னரோலி. அதற்கு முந்தைய வருடம் ஃபார்முலா 3 பட்டமும் அவருக்குத்தான். அடுத்தடுத்த வருடங்களில் இரண்டு பட்டம். ஆனாலும் சீட் கிடைக்கவில்லை.

அதே ஃபார்முலா 2 சீசனில் அவருக்குப் பின்னால் முடித்த ஆர்விட் லிண்ட்பிளாட் என்ற இளைஞருக்கு ரேசிங் புல்ஸ் அணியில் இடம் கிடைத்தது.

கப் ஜெயித்தவர் வெளியே, ஜெயிக்காதவர் உள்ளே. இது என்ன கணக்கு?

இந்தக் கணக்கு புதுசு இல்லை. இதைப் புரிந்துகொள்ள, 2014-ல் நடந்த ஐரோப்பிய ஃபார்முலா 3 சாம்பியன்ஷிப் சீசனைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பட்டம் வென்றவர் ஒருவர், ஃபார்முலா 1-க்குப் போனவர் இன்னொருவர். அந்த சீசன் முடிந்த சில மாதங்களில் ஃபார்முலா 1-ன் நுழைவு விதியே மாறியது.

முதலில், இது என்ன தொடர்?

ஒற்றை இருக்கை கார் பந்தயம் ஒரு ஏணி மாதிரி. சின்ன வயதில் கார்ட் வண்டி, பிறகு ஃபார்முலா 4, ஃபார்முலா 3, ஃபார்முலா 2, உச்சியில் ஃபார்முலா 1. ஒவ்வொரு படியிலும் காரின் வேகம் கூடும், செலவும் கூடும்.

சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ நடத்திய ஐரோப்பிய ஃபார்முலா 3 சாம்பியன்ஷிப், 2012 முதல் 2018 வரை 7 சீசன்கள் நடந்தது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் இத்தாலியின் டல்லாரா நிறுவனம் செய்த கார்தான். இன்ஜின் மட்டும் மாறும். கார் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், ஓட்டுகிறவரின் திறமை பளிச்சென்று தெரியும் என்பது இந்தத் தொடரின் பெருமை.

ஆனால், 'கார் ஒன்று' என்பதாலேயே 'வாய்ப்பும் ஒன்று' என்று சொல்லிவிட முடியாது. அந்த 7 சீசன்களில் 6 சாம்பியன்கள் ஒரே அணியில் இருந்து வந்தவர்கள். இத்தாலியின் பிரெமா அணி அது. நடுவில் 2017-ல் மட்டும் கார்லின் அணிக்காக ஓட்டிய லாண்டோ நாரிஸ் பட்டத்தைத் தட்டிச் சென்றார். நல்ல பொறியாளர்கள், நல்ல தரவு, நல்ல சோதனை ஓட்டம் எல்லாம் இருக்கும் அணியில் இடம் பிடிப்பதே பாதி வெற்றி.

2014-ல் என்ன நடந்தது?

11 வார இறுதிகள், ஒவ்வொன்றிலும் 3 பந்தயங்கள், மொத்தம் 33 பந்தயங்கள். ஏப்ரலில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் தொடங்கி, அக்டோபரில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹெய்மில் முடிந்த சீசன் அது.

பிரெமா அணியில் 17 வயது பிரெஞ்சுக்காரர் எஸ்டெபான் ஓகான். ஃபார்முலா ரெனோ பந்தயங்களில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு வந்தவர். நெதர்லாந்தின் வான் அமெர்ஸ்ஃபோர்ட் ரேசிங் அணியில் 16 வயது மேக்ஸ் வெர்ஸ்டப்பன். முந்தைய வருடம் வரை கார்ட் வண்டிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். கார் பந்தயத்தில் இதுதான் அவருக்கு முதல் முழு சீசன். இருவருக்கும் நடுவில், கார்லின் அணியில் டாம் ப்ளோம்க்விஸ்ட். முன்னாள் உலக ராலி சாம்பியன் ஸ்டிக் ப்ளோம்க்விஸ்ட்டின் மகன்.

கடைசியில் புள்ளிப் பட்டியல் இப்படி இருந்தது:

ஓகான்: 478 புள்ளிகள், 9 வெற்றிகள்.
ப்ளோம்க்விஸ்ட்: 420 புள்ளிகள், 6 வெற்றிகள்.
வெர்ஸ்டப்பன்: 411 புள்ளிகள், 10 வெற்றிகள்.

இமோலாவில், கடைசி வார இறுதிக்கு முன்பே ஓகானின் பட்டம் உறுதியாகிவிட்டது.

கவனித்தீர்களா? அதிக பந்தயங்களை வென்றவர் வெர்ஸ்டப்பன். ஆனால், அவருக்கு மூன்றாவது இடம்தான். காரணம் எளிது. ஒரு வெற்றிக்கு 25 புள்ளி. வெர்ஸ்டப்பனின் 10 வெற்றிகளைக் கழித்துவிட்டால், மீதமுள்ள 23 பந்தயங்களில் அவர் சேர்த்தது சுமார் 161 புள்ளிகள். சராசரியாக ஒரு பந்தயத்துக்கு 7. ஓகானோ, ஜெயிக்காத 24 பந்தயங்களில் சுமார் 253 புள்ளிகள் எடுத்தார். சராசரி பத்துக்கும் மேல்.

அதாவது, வெர்ஸ்டப்பனின் நல்ல நாள் மிக நல்ல நாள், கெட்ட நாள் வெறும் கை. ஓகானுக்குக் கெட்ட நாளில்கூட கையில் நாலு புள்ளி இருக்கும். சாம்பியன்ஷிப் என்பது சராசரியின் விளையாட்டு. அதில் ஓகான் கெட்டிக்காரர்.

அப்புறம் எப்படி வெர்ஸ்டப்பனுக்கு சீட்?

அணிகள் ஆள் எடுக்கும்போது சராசரியைப் பார்ப்பதில்லை. உச்சத்தைப் பார்க்கின்றன.

ஜூன் மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் 3 பந்தயங்களையும் வெர்ஸ்டப்பன் வென்றார். அடுத்து ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் உள்ள நோரிஸ்ரிங். அங்கேயும் மூன்றுக்கு மூன்று. ஆக, தொடர்ச்சியாக 6 வெற்றிகள். கார் பந்தயத்துக்கு வந்து சில மாதங்களே ஆன 16 வயதுப் பையன் செய்த வேலை இது. நோரிஸ்ரிங்கின் ஈரத் தடத்தில் அவர் ஓட்டிய விதம்தான் தன்னைக் கவர்ந்தது என்று ரெட் புல்லின் ஆலோசகர் ஹெல்முட் மார்கோ பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மெர்சிடிஸும் வெர்ஸ்டப்பன் தரப்போடு பேசியது. ஆனால், உடனடியாக ஃபார்முலா 1 சீட் தர அவர்களிடம் வழி இல்லை. ரெட் புல்லிடம் இருந்தது. அவர்களுக்கு இரண்டு அணிகள். பெரிய அணி ரெட் புல், இளைஞர்களைப் பழக்குவதற்கென்றே டோரோ ரோஸோ. (அந்த டோரோ ரோஸோதான் பெயர் மாறி மாறி இன்றைக்கு ரேசிங் புல்ஸ் ஆகியிருக்கிறது.)

2014 ஆகஸ்ட் நடுவில் வெர்ஸ்டப்பன் ரெட் புல் இளைஞர் திட்டத்தில் சேர்ந்தார். ஒரு வாரத்துக்குள், 2015-ல் டோரோ ரோஸோ காரை ஓட்டப்போவது அவர்தான் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. ஃபார்முலா 3 சீசன் அப்போது முடியக்கூட இல்லை. அக்டோபர் 3-ம் தேதி, 17 வயது முடிந்து மூன்றே நாளில், ஜப்பானின் சுஸுகாவில் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஃபார்முலா 1 காரை ஓட்டினார்.

2015 மார்ச்சில் மெல்போர்னில் முதல் பந்தயத்தில் இறங்கியபோது அவர் வயது 17 வருடம் 166 நாள். அதற்கு முன்பு மிக இளைய ஓட்டுநர் என்ற சாதனை வைத்திருந்த ஜைமி அல்குவர்சுவாரி, 2009-ல் 19 வயதில் அறிமுகமானவர். ஒரே தாவில் இரண்டு வருடம் கீழே இறங்கிவிட்டது சாதனை. ஃபார்முலா 1 ஓட்டிய வெர்ஸ்டப்பனிடம் அப்போது சாதாரண சாலையில் கார் ஓட்டும் லைசென்ஸ் கிடையாது என்பதுதான் இதில் செம காமெடி.

சாம்பியனுக்கு என்ன ஆச்சு?

ஓகானின் பின்னணி வேறு மாதிரியானது. வெர்ஸ்டப்பனின் அப்பா ஜோஸ், முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர். அம்மா சோஃபி கும்பென், கார்ட் பந்தயத்தில் பெயர் எடுத்தவர். ஓகானின் அப்பாவோ நார்மண்டி பகுதியில் சின்ன கேரேஜ் வைத்திருந்த மெக்கானிக். மகனின் பந்தயச் செலவுக்காக வீட்டை விற்றுவிட்டு, குடும்பமே கேரவனில் தங்கி ஊர் ஊராகப் பந்தயத்துக்குப் போன கதையை ஓகான் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவு பாடுபட்டு ஐரோப்பிய ஃபார்முலா 3 சாம்பியன் ஆனவர், 2015-ல் ஃபார்முலா 1-க்குப் போகவில்லை. ஜி.பி.3 என்ற இன்னொரு இளையோர் தொடருக்குப் போனார். மெர்சிடிஸின் ஆதரவு கிடைத்தது. அந்தப் பட்டத்தையும் வென்றார். அப்போதும் சீட் இல்லை. 2016-ல் ஜெர்மனியின் டி.டி.எம் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டே, ரெனோ அணியின் மாற்று ஓட்டுநராகக் காத்திருந்தார்.

ஒருவழியாக 2016 ஆகஸ்ட்டில் மேனர் அணியில் இடம் கிடைத்தது. அதுவும் எப்படி? அந்த இடத்தில் இருந்த இந்தோனேசியாவின் ரியோ ஹரியாந்தோவுக்கு ஸ்பான்சர் பணம் போதவில்லை. அவர் இறங்க, இவர் ஏறினார். ஓகான் முதல் ஃபார்முலா 1 பந்தயத்தில் நின்ற அந்த நேரத்தில், வெர்ஸ்டப்பன் ரெட் புல் அணிக்கு உயர்ந்து, 2016 மே மாதம் ஸ்பெயினில் 18 வயதிலேயே ஒரு பந்தயத்தை வென்றும் முடித்திருந்தார்.

கதை அதோடு நிற்கவில்லை. 2018-ல் ஓகான் ஓட்டிய ஃபோர்ஸ் இந்தியா அணி நிதி நெருக்கடியில் விழுந்தது. கனடாவின் கோடீஸ்வரர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் தலைமையிலான குழு அணியை வாங்கியது. அடுத்த வருடம் அந்தக் காரில் அவருடைய மகன் லான்ஸ் ஸ்ட்ரோல் உட்கார்ந்தார். 2019 முழுக்க ஓகானுக்குப் பந்தய சீட் இல்லை. திரும்பி வந்து, 2021-ல் ஹங்கேரியில் அல்பீன் காரில் முதல் வெற்றி பெற்றார். அதே 2021-ல் வெர்ஸ்டப்பன் உலக சாம்பியன். 2024 வரை தொடர்ந்து நான்கு வருடம் அவர்தான்.

ஆக, ரெட் புல் தப்பான ஆளை எடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது. கேள்வி அது இல்லை. ஒரே சீசனில், ஒரே தடத்தில், தன்னைவிட 67 புள்ளி குறைவாக எடுத்த போட்டியாளர் மேலே போக, சாம்பியன் ஏன் ஒன்றரை வருடம் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது? காரணம் ஒன்றுதான். பட்டம் ஒருவரைத் தகுதியானவர் ஆக்குகிறது, சீட்டைக் கொடுப்பதில்லை. சீட், அந்த நேரத்தில் காலி இடம் வைத்திருக்கும் அணியின் கையில் இருக்கிறது.

எஃப்.ஐ.ஏ என்ன செய்தது?

17 வயதுப் பையன் ஃபார்முலா 1-க்கு வருவது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 1997 உலக சாம்பியன் ஜாக் வில்நெவ் வெளிப்படையாகவே எதிர்த்தார். 2015 ஜனவரியில், அதாவது வெர்ஸ்டப்பன் முதல் பந்தயத்தில் இறங்குவதற்கு முன்பே, எஃப்.ஐ.ஏ புதிய விதிகளை அறிவித்துவிட்டது.

ஃபார்முலா 1 ஓட்ட 'சூப்பர் லைசென்ஸ்' என்ற அனுமதி வேண்டும். 2016 முதல் அதற்கு முக்கியமான நிபந்தனைகள் வந்தன:

வயது 18 நிறைந்திருக்க வேண்டும்.
சாலையில் ஓட்டும் சாதாரண லைசென்ஸ் வேண்டும்.
இளையோர் தொடர்களில் குறைந்தது இரண்டு சீசன் ஓட்டியிருக்க வேண்டும்.
மூன்று வருடங்களில் 40 சூப்பர் லைசென்ஸ் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும்.

எந்தத் தொடரில் எந்த இடம் பிடித்தால் எத்தனை புள்ளி என்று ஒரு பட்டியலும் உண்டு. ஐரோப்பிய ஃபார்முலா 3-ல் மூன்றாம் இடத்துக்கு அதில் 20 புள்ளிதான். இந்த விதிப்படி பார்த்தால் 2014-ன் வெர்ஸ்டப்பன் எல்லா வகையிலும் ஃபெயில். வயது பத்தாது, லைசென்ஸ் கிடையாது, ஒரே ஒரு சீசன், பாதிப் புள்ளி. பெயர் மட்டும் போடாமல் அவருக்காகவே எழுதிய விதி மாதிரி இருந்ததால், ரசிகர்கள் இதை 'வெர்ஸ்டப்பன் விதி' என்றே அழைக்க ஆரம்பித்தார்கள்.

விதி வந்ததால் நன்மையா?

நன்மை உண்டு. இன்றைக்கு ஃபார்முலா 2-ல் முதல் மூன்று இடங்களுக்குத் தலா 40 புள்ளி. அதனால் அந்தத் தொடருக்கு மதிப்பு கூடியது. 2018-ல் அங்கே முதல் மூன்று இடம் பிடித்த ஜார்ஜ் ரஸ்ஸல், லாண்டோ நாரிஸ், அலெக்ஸ் ஆல்பன் மூவருமே 2019-ல் ஃபார்முலா 1-க்கு வந்தார்கள். பணத்தை மட்டும் காட்டி, தயாராகாத ஒருவர் நேராக உள்ளே நுழைவதும் கடினமாகிவிட்டது.

ஆனால், மூன்று பிரச்னைகள் அப்படியே இருக்கின்றன.

ஒன்று, செலவு. 40 புள்ளி சேர்க்க வேண்டும் என்றால் ஏணியின் படிகளில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் பணம் கட்ட வேண்டும். பெரிய அணியின் இளைஞர் திட்டத்தில் இருப்பவருக்குச் செலவைத் தாங்க ஆள் உண்டு. மற்றவர்களுக்குக் குடும்பமோ ஸ்பான்சரோதான். வெர்ஸ்டப்பன் மாதிரி ஒரே வருடத்தில் தாவுவது, பணம் இல்லாத ஒரு திறமைசாலிக்கும் குறுக்குவழியாக இருந்திருக்கும். அந்தக் கதவும் மூடிவிட்டது.

இரண்டு, பட்டியலில் எந்தத் தொடருக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வி. அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் பல பந்தயங்களை வென்ற கோல்டன் ஹெர்ட்டாவை 2022-ல் ரெட் புல் தன் இரண்டாவது அணிக்குக் கொண்டுவர விரும்பியது. புள்ளி போதவில்லை, எஃப்.ஐ.ஏ விலக்கு தரவில்லை. அதே ஹெர்ட்டா இப்போது இண்டிகாரை விட்டுவிட்டு, 2026-ல் ஃபார்முலா 2 ஓட்ட வருகிறார். வளர்ந்த ஓட்டுநர் ஒருவர், புள்ளிக்காக ஏணியில் ஒரு படி கீழே இறங்குகிறார்.

மூன்று, விதியைத் தளர்த்தும் அதிகாரம். 2024 ஜூனில் எஃப்.ஐ.ஏ ஒரு திருத்தம் செய்தது. அசாத்தியத் திறமையும் பக்குவமும் இருந்தால் 17 வயதினருக்கும் லைசென்ஸ் தரலாம், ஆனால் அது எஃப்.ஐ.ஏ-வின் முடிவு. அந்த விலக்கில்தான் லிண்ட்பிளாட் 2025-ல் 17 வயதிலேயே லைசென்ஸ் வாங்கி, சில்வர்ஸ்டோனில் ரெட் புல் காரில் பயிற்சி ஓட்டம் ஓட்டினார். யாரைத் தடுக்க வந்ததோ, அதே மாதிரியான ஒருவருக்காக விதி கொஞ்சம் வளைந்துகொடுத்தது. விலக்கு கேட்டு விண்ணப்பித்தது ஒரு பெரிய அணி. பின்னால் அப்படி அணி இல்லாத பையனுக்காக யார் கேட்பார்கள்?

பட்டம் வென்றால் சீட் நிச்சயமா?

எண்ணிக்கை பதில் சொல்லும். ஃபார்முலா 2 இன்றைய வடிவத்தில் தொடங்கிய 2017 முதல் 2025 வரை 9 சாம்பியன்கள். அடுத்த வருடமே ஃபார்முலா 1 சீட் கிடைத்தவர்கள் 4 பேர்தான்: சார்ல்ஸ் லெக்லெர், ஜார்ஜ் ரஸ்ஸல், மிக் ஷூமாக்கர், கேப்ரியல் போர்டொலெட்டோ.

ஆஸ்கர் பியாஸ்ட்ரி ஒரு வருடம் மாற்று ஓட்டுநராக உட்கார்ந்துவிட்டு வந்தார். நிக் டி வ்ரீஸ் ஃபார்முலா இ-க்குப் போய், அங்கே உலக சாம்பியன் ஆகி, அதன் பிறகுதான் வந்தார். 2022 சாம்பியன் ஃபெலிப்பே ட்ருகோவிச், 2023 சாம்பியன் தியோ பூர்ஷேர் இருவருக்கும் ஃபார்முலா 1 பந்தய சீட் கிடைக்கவே இல்லை. இப்போது அந்த வரிசையில் ஃபோர்னரோலி. அவரை மெக்லாரன் தன் இளைஞர் திட்டத்தில் சேர்த்திருக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஃபார்முலா 2 சாம்பியன் ஆகிவிட்டால், மறுபடி அந்தத் தொடரில் ஓட்ட முடியாது. தோற்றவருக்கு அடுத்த வருடம் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஜெயித்தவருக்கு மேலே இடம் இல்லை, கீழேயும் இடம் இல்லை. 2026-ல் கேடிலாக் அணி வந்த பிறகும் ஃபார்முலா 1-ல் மொத்தம் 22 சீட்தான். அதில் பெரும்பாலானவை பல வருட ஒப்பந்தத்தில் ஏற்கெனவே நிரம்பியவை.

நமக்கு இதில் என்ன?

நேரடித் தொடர்பு உண்டு. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-லும், சென்னையின் கருண் சந்தோக் 2010-லும் ஃபார்முலா 1-ல் அறிமுகமானபோது இந்தப் புள்ளிக் கணக்கு கிடையாது. 2012-ல் நரேன் கடைசியாக ஓட்டிய பிறகு, எந்த இந்தியரும் ஃபார்முலா 1 பந்தயத்தில் நிற்கவில்லை. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024-ல் இரவுப் பந்தயமாக நடந்ததே, அந்த ஃபார்முலா 4 இந்தியத் தொடரும் எஃப்.ஐ.ஏ சான்று பெற்றதுதான். நிபந்தனைகள் நிறைவேறினால் ஃபார்முலா 4 சாம்பியனுக்கு 12 சூப்பர் லைசென்ஸ் புள்ளி. வேண்டியது 40. மீதி 28-ஐ எடுக்க வெளிநாடு போக வேண்டும், சில சீசன்கள் ஓட்ட வேண்டும், அதற்கான பணத்தைத் திரட்ட வேண்டும்.

2014 சீசனுக்குப் பிறகு வந்த விதி, 'யார் உள்ளே வரக் கூடாது' என்பதைத் தெளிவாகச் சொன்னது. 'யார் உள்ளே வர வேண்டும்' என்பதைச் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் அணிகள்தான் முடிவு செய்கின்றன. சாம்பியனுக்குக் குறைந்தபட்சம் ஒரு அணியில் சோதனை ஓட்டமோ, உத்தரவாதமான பயிற்சி நாட்களோ பரிசாகத் தரும் ஏற்பாடு வரும்வரை, ஏணியின் கடைசிப் படி ஏணியில் இருக்காது. அது அணித் தலைவர்களின் அறையில் இருக்கும். 2026 ஃபார்முலா 2 பட்டத்தை யார் வெல்வார் என்று பார்க்கும்போது, அவருக்கு எந்த அணியில் இடம் காலியாகும் என்பதையும் சேர்த்தே பாருங்கள். அவருடைய எதிர்காலத்தை முடிவு செய்யப்போவது இரண்டாவது கேள்விதான்.